இந்த போர்டில் இந்தக் கார்டு ஏறுமா?

திரிங்காப்பில் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, இந்த போர்டுல இந்தக் கார்டு ஏறுமா?" பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை, ஏறுமா என்றுதான். லாரியில் இன்னும் பத்துக் கூடை முட்டைக்கோஸ் ஏறுமா என்று கேட்டுப் பழகிய ஊர் இது. நானும் வார நாட்களில் காய்கறி மொத்த வியாபாரத்துக்குக் கணக்கு எழுதுகிறவன்தான். கணினி பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பது, "போர்டு எந்த வருசத்துது?" உடனே முகம் மாறும். "கார்டு புதுசுதானே, வருசம் எதுக்குண்ணே?"

கார்டு விற்கிறவர்கள் வேகத்தைச் சொல்வார்கள், நினைவகத்தைச் சொல்வார்கள், எத்தனை விசிறி என்று கூடச் சொல்வார்கள். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட ஆண்டு ஒன்று உண்டு. சில சமயம் அது முறிந்த ஆண்டும் உண்டு. போர்டில் கார்டு செருகும் நீளமான பள்ளத்தை ஸ்லாட் என்கிறோம். எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் கல்வெட்டின் காலத்தைச் சொல்வதுபோல, ஸ்லாட்டின் நீளத்தையும் அதற்குள் குறுக்கே நிற்கும் தடுப்பையும் பார்த்து போர்டின் காலத்தைச் சொல்லிவிடலாம். நான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தது பிறர் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான். படிக்கப் போன இடத்தில் விளையாட்டும் படமும் கிடைக்கும் என்று நினைத்தேன். முதலில் கிடைத்தது எழுத்து. அதுவும் நம் எழுத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஓர் எழுத்து.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது, திரைக்கான மின்சுற்று அதன் மதர்போர்டில் இல்லை. தனி அட்டை வாங்கித்தான் செருக வேண்டும். ஐபிஎம் இரண்டு அட்டைகளைக் கொடுத்தது. ஒன்று எம்டிஏ. வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி. ஒவ்வொரு எழுத்துக்கும் 9க்கு 14 புள்ளிக் கட்டம் என்பதால் படிக்க அருமையாக இருக்கும். ஆனால் 256 எழுத்து வடிவங்களும் ஒரு சில்லில் பொறிக்கப்பட்டவை, மாற்ற முடியாது. படம் என்று எதையும் அதில் வரைய முடியாது. மற்றது சிஜிஏ. இதில் புள்ளி புள்ளியாக வரையலாம், 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறமும் 640க்கு 200 புள்ளிகளில் இரண்டு நிறமும். ஆனால் எழுத்துக்குக் கிடைப்பது 8க்கு 8 கட்டம்தான்.

ஒரு வரைதாளை எடுத்து எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் இருக்க ஒரு பத்தியை விட்டுவிட்டு, மூன்று சுழி 'ண' எழுதிப் பாருங்கள். ஏழு பத்தியில் மூன்று சுழியும் ஒரு கொம்பும் நிற்காது. சுழி ஒன்றைக் குறைத்தால் அது 'ன' ஆகிவிடும். மணமும் மனமும் ஒரே சொல்லாகிற திரை அது. ஆக 1981இன் நிலவரம் இப்படி: தெளிவான அட்டையில் ஆங்கிலம் மட்டும்தான் வரும். எதையும் வரையலாம் என்கிற அட்டையில் தெளிவு கிடையாது.

இந்தச் சிக்கல் ஐபிஎம்காரர்களைத் தொந்தரவு செய்யவில்லை. தொந்தரவுபட்டவர் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்து மாணவர். அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். தன் ஆய்வேட்டு வேலையை ஐபிஎம் பிசியில் தாய் எழுத்தில் செய்ய வேண்டும் என்பது அவருக்கு இருந்த தேவை. எம்டிஏவில் தாய் எழுத்தே இல்லை, சிஜிஏவில் எழுதினால் படிக்க முடியாது. தாய் எழுத்தில் உயிர்க்குறி மேலேயும் வரும், கீழேயும் வரும், அதற்கும் மேலே தொனிக்குறி ஏறும். 1982இல் அவரே ஓர் அட்டையை வடிவமைத்தார். 720க்கு 348 புள்ளிகள், ஒரே நிறம், ஆனால் ஒவ்வொரு புள்ளியும் நம் வசம். அதுதான் ஹெர்குலிஸ் கிராபிக்ஸ் கார்டு. அதை விற்க ஆரம்பித்த நிறுவனத்துக்கும் அதே பெயர். சில வருடங்களில் உலகம் முழுக்க அலுவலகக் கணினிகளில் அது ஏறிவிட்டது. ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆங்கிலக் கணக்குத்தாளில் வரைபடம் பார்க்கும் வசதி. அதன் பிறப்புக்குக் காரணம் ஆங்கிலம் அல்லாத ஓர் எழுத்து என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்து கிளைத்தது. கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து கடல் கடந்துபோன ஓர் எழுத்து, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து, கலிஃபோர்னியாவில் ஒரு மின்னணு அட்டையாக வந்து நின்றது என்று சொல்ல எனக்கு ஆசைதான். மிகைப்படுத்தல் என்று நண்பர்கள் திட்டுவார்கள். ஆனாலும் கிளைமொழி எழுத்துக்காரர் ஒருவர் தன் வீட்டுக்குப் போட்ட பாலத்தில் நாமும் நடந்தோம் என்பதில் மிகை இல்லை.

ஹெர்குலிஸ் கார்டு வெற்றி பெற்றதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். சுவன்னுகுல் பழையதை எதையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. எம்டிஏவுக்கு வாங்கிய அதே பச்சைத் திரை போதும். எம்டிஏவுக்கு எழுதிய நிரல்கள் அப்படியே ஓடும். எம்டிஏ அட்டையில் அச்சுப்பொறிக்கு ஓர் இணைப்பு இருந்தது, இதிலும் இருந்தது. பழைய ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் மதித்துவிட்டு, கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார். ஏறுமா என்ற கேள்விக்கு வரலாற்றில் கிடைத்த நல்ல பதில்களில் அது ஒன்று.

தமிழ் இந்தக் காலத்தில்தான் திரைக்கு வந்தது. 1980களின் நடுவில் கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ் எழுதியை உருவாக்கினார். 1985இல் நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். அன்றைய டாஸ் இயங்குதளத்தில் விண்டோஸ் மாதிரி நடுவில் ஒரு தரகர் கிடையாது. நிரல் நேரடியாகத் திரை அட்டையோடு பேச வேண்டும். எம்டிஏவா, சிஜிஏவா, ஹெர்குலிஸா, 1984இல் வந்த இஜிஏவா, 1987இல் வந்த விஜிஏவா என்று தெரியாமல் ஒரு 'அ' கூடப் போட முடியாது. சிஜிஏவுக்கு எழுதிய நிரல் ஹெர்குலிஸில் ஓடாது. ஓடுவதுபோல நடிக்க வைக்கத் தனியாகச் சிறு நிரல்கள் புழங்கின. ஆக, தமிழில் எழுத நினைத்தவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, உங்கள் கணினியில் என்ன கார்டு இருக்கிறது என்பதே. தோட்டப் பள்ளிகளில் வினாத்தாளைக் கையால் மெழுகுத்தாளில் கீறி உருட்டி எடுத்துக்கொண்டிருந்த காலம். மலையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை.

இந்தியாவில் வேறு வழியில் போனார்கள். கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வு, 1988இல் புனேயில் அமைக்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தின் வழியாக 'ஜிஸ்ட்' என்ற அட்டையாக வந்தது. கணினிக்குள் செருக வேண்டிய தனி அட்டை. ஆங்கிலத்துக்கென்று எழுதிய நிரல்களை மாற்றாமலே, அவை திரைக்கு அனுப்பும் எழுத்தை நடுவில் பிடித்து, தேவநாகரியாகவோ தமிழாகவோ காட்டும். கிராபிக்ஸ் கார்டு என்று அதை யாரும் சொல்வதில்லை. வேலை என்னவோ அதுதான். தமிழ் தெரிய வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்த காலம் அது. இன்று கைப்பேசியில் தட்டுகிற பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

இடம் பற்றிய கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போய்விடும். மீதி 128. தமிழ் எழுத்து 247 என்று ஒன்றாம் வகுப்பில் ஒப்பித்தோமே, அது அதில் அடங்காது. கால், கொம்பு, ஐகாரக் குறியைத் தனியே பிரித்தால் நூற்றுச் சொச்சத்தில் அடங்கும். 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தம் பழைய 'ணா', 'றா', 'னா' வடிவங்களையும் யானைத்தும்பிக்கை போட்ட 'ணை', 'லை' வகைகளையும் விலக்கியது, கணினிக்காக அல்ல, அச்சுக்கும் தட்டச்சுக்கும். ஆனால் அதில் மிச்சமான இடங்கள் 128க்குள் தமிழை அடைக்கிறபோது கைகொடுத்தன. அந்த மேல் 128இல் யார் எதை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு முறை. 1999இல் சென்னை மாநாட்டில் டாப், டாம் என்று இரண்டைத் தரப்படுத்தினார்கள். அதற்குள் யூனிகோடும் வந்து நின்றுவிட்டது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பில் தமிழ் உண்டு, ஆனால் சாதாரணக் கணினியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட பத்து வருடங்களில் எழுதிய கோப்புகள்தான் இன்று பழைய கணினிகளில் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நடுவில் பினாங்கைத் தொடாமல் போக மனம் வரவில்லை. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1972இல், பினாங்கில். ஏஎம்டியும் அதே ஆண்டு பாயான் லெப்பாசுக்கு வந்தது. 1980, 90களின் இன்டெல் சில்லுகள் பலவற்றின் முதுகில் 'மலாய்' என்ற முத்திரை இருக்கும். மலேசியாவில் பூட்டப்பட்டது என்று அர்த்தம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலை சுருங்கி, இளையவர்கள் பட்டணத்துக்கு இறங்கிய அதே காலம். திரிங்காப்பிலிருந்து சிம்பாங் பூலாய் இறங்கி, ஈப்போ தாண்டி வடக்கே போனால் அந்தத் தொழிற்பேட்டைகள் வந்துவிடும். கொழுந்து கிள்ளிய குடும்பங்களின் பெண்கள் சிலர் நுண்நோக்கியில் கண் வைத்துத் தங்கக் கம்பியை ஒட்டப் போனார்கள். உலகத்துக்குச் சில்லு பூட்டித் தந்த நாட்டில், மலை மேல் இருந்த தமிழ்ப் பள்ளிக்கு அந்தச் சில்லு வந்துசேர எத்தனை வருடமானது என்பது வேறு ஒருவர் எழுத வேண்டிய வரலாறு.

ஸ்லாட்டுக்குத் திரும்புகிறேன். 1981இன் ஸ்லாட் 8 பிட், 62 தொடுமுனைகள். 1984இல் ஐபிஎம் அதை 16 பிட்டாக்கியபோது பழையதை அப்படியே வைத்து, பின்னால் 36 முனைகள் கொண்ட சின்ன ஸ்லாட்டை ஒட்டவைத்தார்கள். பழைய கார்டு முன்பாதியில் ஏறும். நல்ல ஒப்பந்தம். அதே ஐபிஎம் 1987இல் மைக்ரோ சேனல் என்று முற்றிலும் புதிய ஸ்லாட்டைக் கொண்டுவந்து, பழைய கார்டு எதுவும் ஏறாது, புதிதைச் செய்கிறவர்கள் எனக்கு உரிமத்தொகை கட்டுங்கள் என்றது. மற்ற நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து வேறு வழியில் போய்விட்டன. சொந்தமாகக் கட்டிய பிசி சந்தை ஐபிஎம் கையைவிட்டு நழுவியதற்கு இதுவும் ஒரு காரணம். 1992இல் பிசிஐ. நொடிக்கு 133 மெகாபைட் போகும் பாதை, எல்லாக் கார்டுக்கும் பொது. படம் பெரிதானதும் அந்தப் பாதை நெரிசலாகியது. 1997இல் திரை அட்டைக்கு மட்டும் தனிப் பாதை போட்டார்கள். ஏஜிபி.

எல்லா ஸ்லாட்டிலும் நான் அதிகம் பயப்படுவது இந்த ஏஜிபிக்குத்தான். மற்றவற்றில் ஏறாவிட்டால் ஏறாது, அவ்வளவுதான். இதில் ஏறி, அதன் பிறகு எரியும். முதல் ஏஜிபி கார்டுகள் 3.3 வோல்ட்டில் பேசின. 1998இன் இரண்டாம் பதிப்பு 1.5 வோல்ட். 2002இன் மூன்றாம் பதிப்பு 0.8 வோல்ட். தவறிச் செருகாமலிருக்க ஸ்லாட்டுக்குள் ஒரு தடுப்பும் கார்டின் பல்வரிசையில் அதற்கேற்ற வெட்டும் வைத்தார்கள். வெட்டு, வெளியே தெரியும் இரும்புத் தகட்டின் பக்கமாக இருந்தால் 3.3 வோல்ட். தள்ளி இருந்தால் 1.5. இரண்டும் இருந்தால் இரண்டையும் ஏற்கும். திட்டம் நல்ல திட்டம். ஆனால் அந்தக் காலத்து மலிவான கார்டுகள் சிலவற்றில், உள்ளே 3.3 வோல்ட்டை வைத்துக்கொண்டு பல்லில் இரண்டு வெட்டையும் போட்டுவிட்டார்கள். இன்டெலின் 845 வகைச் சில்லுத்தொகுதி உள்ள போர்டு 1.5 வோல்ட்டை மட்டும் தாங்கும். அந்தக் கார்டு இந்த போர்டில் சிரமமே இல்லாமல் ஏறும், பிறகு போர்டு போகும். சில போர்டு நிறுவனங்கள் தவறான கார்டைக் கண்டால் எரிகிற எச்சரிக்கை விளக்கையே போர்டில் வைத்து விற்றன. பொய் சொல்லும் வெட்டுகளை அந்தத் துறையே அறிந்திருந்தது என்பதற்கு அந்தச் சின்ன விளக்கு சாட்சி.

இங்கே பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் 845 போர்டு வைத்த கணினி. மலைக்குளிரும் ஈரமும் சேர்ந்து ஒரு நாள் திரையில் கோடுகோடாக வந்தது, மறுநாள் எதுவும் வரவில்லை. அந்த போர்டிலேயே திரைச் சுற்று கிடையாது. கார்டு இல்லாமல் ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பது பள்ளி ஆண்டுமலர்கள், தோட்டத்துக் கோயில் திருவிழாக் கணக்கு, பிள்ளைகளுக்கு எழுதிய நாடகங்கள், மூடப்பட்ட லயங்களில் இருந்த குடும்பங்களைப் பற்றி அவர் வருடக்கணக்காக எழுதிச் சேர்த்த குறிப்புகள். எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்பு வந்துவிடும். முதலில் அதைத்தான் செய்தோம், இரண்டு பிரதி எடுத்து வைத்தோம். ஆனால் திறந்தால் தமிழ் இல்லை, மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. மாற்றித் தருகிற நிரல்கள் உண்டு, அவர் பயன்படுத்திய எழுத்துரு எந்த முறை என்று தெரிந்தால். ஒரே கோப்பில் மூன்று எழுத்துருவைக் கலந்திருக்கிறார். சரியாக மாறியிருக்கிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட, மூலம் திரையில் தெரிந்தாக வேண்டும். அதற்கு அந்தக் கணினியே எழுந்து நிற்க வேண்டும்.

அவருடைய மருமகன் தெரிந்த இடத்திலிருந்து ஒரு பழைய ஏஜிபி கார்டை வாங்கி வந்தார். "ரெண்டு வெட்டும் இருக்கு பாருங்க, எதுலயும் ஏறும்னு சொன்னாங்க" என்றார். கார்டு 1999 வாக்கில் செய்தது. பெயர் வேண்டாம். வெட்டை நம்பாமல், சில்லின் மேலிருந்த எண்ணைப் படித்து அதன் மின்னழுத்தத்தைத் தேடிப் பார்த்தோம். வாத்தியார் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கேட்டார், "தம்பி, வெட்டு இருக்கு, ஆனா உண்மையில்ல. அப்படித்தானே?" ஆமாம் ஐயா என்றேன். "அப்ப அது பிழைத்திருத்தம் பண்ணாத பாடநூல்" என்றார். அந்தக் கார்டு திரும்பிப் போனது. 2003 வாக்கில் வந்த எஃப்எக்ஸ் 5200 வகைக் கார்டு ஒன்று ஈப்போவில் பழைய பொருள் விற்பவரிடம் கிடைத்தது. 1.5 வோல்ட்டை நிஜமாகவே ஏற்கிற ரகம், தனி மின்கம்பியும் வேண்டாம். போர்டில் கபாசிட்டர் எதுவும் தலை உப்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு (2000களின் தொடக்கத்து போர்டுகளுக்கு அது பெரிய வியாதி), கார்டின் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்துச் செருகினோம். வந்தது. இப்போது மாதத்துக்கு ஒரு மலர் என்ற கணக்கில் அவர் பழைய திரையையும் புதிய மடிக்கணினியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டு மாற்றுகிறார். கார்டுக்குக் கொடுத்தது நாற்பது வெள்ளி.

2004இல் ஏஜிபியின் இடத்துக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. ஹெர்குலிஸ் என்ற பெயரை 1999இல் விலைக்கு வாங்கியிருந்த பிரெஞ்சு நிறுவனம் திரை அட்டை செய்வதை நிறுத்தியதும் அதே 2004இல்தான்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் தன் வாக்கைக் காப்பாற்றிய ஒப்பந்தம். 2004இன் ஸ்லாட்டும் இன்றைய ஸ்லாட்டும் ஒரே வடிவம், ஒரே அளவு. 2007, 2010, 2017, 2019 என்று பதிப்பு மாறும்போதெல்லாம் பாதையின் அகலம் இரண்டு மடங்கானது. ஆனால் பழைய போர்டில் புதிய கார்டு ஏறும், புதிய போர்டில் பழைய கார்டு ஏறும். இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்தில் இரண்டும் பேசிக்கொள்ளும். எரிவது என்ற பயம் போய்விட்டது. ஆனால் ஏறுமா என்ற கேள்விக்கு "ஏறும்" என்ற பதில் போதாமல் ஆகிவிட்டது. ஏறிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது.

போன வருடம் ப்ளூ வேலி பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். வரைகலை டிப்ளோமா படிக்கிறான். கையில் இருந்தது ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்துக்கட்டிய ஒல்லிக் கணினி, 2011ஆம் ஆண்டு ரகம், 240 வாட் பவர் சப்ளை. அப்பா தோட்டத்தில் வேலை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு உயர்ந்திருக்கும் நேரம், கார்டு ஒன்றுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்கிறது சந்தை. ஆன்லைனில் பார்த்து மூன்று கார்டைக் குறித்துவைத்திருந்தான். "மூணும் ஏறும்ணே, நான் பார்த்துட்டேன்" என்றான். உண்மைதான், மூன்றும் ஏறும்.

முதலாவது 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400. தனி மின்கம்பி வேண்டாம், குட்டையான ரகமும் கிடைக்கும், ஒல்லிப் பெட்டிக்கு அளந்து தைத்த மாதிரி. ஆனால் அந்தக் கார்டின் பல்வரிசை பதினாறு தடத்துக்கு நீண்டிருந்தாலும், உள்ளே கம்பி இழுத்திருப்பது நான்கு தடத்துக்குத்தான். நான்காம் பதிப்பு ஸ்லாட் உள்ள புதிய போர்டில் அந்த நான்கே நொடிக்கு 8 கிகாபைட் கொடுத்துவிடும். இவனுடைய போர்டு இரண்டாம் பதிப்பு. நான்கு தடத்தில் நொடிக்கு 2 கிகாபைட். 2002இன் ஏஜிபி கொடுத்தது 2.1. இருபது வருடம் கழித்து வந்த கார்டு, இவன் பெட்டிக்குள் நுழைந்ததும் வாத்தியார் காலத்துச் சந்தில் போக வேண்டும். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரண்டாவது ஜிடி 1030. விலை குறைவு, 30 வாட்தான் இழுக்கும். ஆனால் 2018இல் அதே பெயரில் மெதுவான டிடிஆர்4 நினைவகம் வைத்த இன்னொரு கார்டு வந்தது. பழையதைவிட வெகுவாக வேகம் குறைந்தது. பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, ஓரத்தில் நினைவக வகையைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அவன் குறித்துவைத்திருந்தது டிடிஆர்4. மூன்றாவது, தனியாக எட்டு முனை மின்கம்பி கேட்கிற பெரிய கார்டு. ஸ்லாட் வழியாக வருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து கம்பி வர வேண்டும். இவன் பெட்டியில் அந்தக் கம்பியே கிடையாது. இருந்தாலும் 240 வாட்டில் அது நிற்காது, அதற்கு முன்னால் மூடியே சாத்தாது.

நாலாவதாக இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் அளக்க முடியாது. கணினி எழும்போது விண்டோஸுக்கு முன்னால் பேசுகிறது பயாஸ். 2010களில் அதன் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்தது. புதிய கார்டுகள் புதிய முறையில் பேசவே செய்யப்படுகின்றன. 2011இன் போர்டுகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தலைமுறை. சிலவற்றில் புதிய கார்டைப் போட்டால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். போர்டுக்கு வந்த கடைசி பயாஸ் பதிப்பு எந்த ஆண்டு என்று பார்த்து, அதைப் போட்டுக்கொண்டு, கார்டும் அந்த ஆண்டுகளுக்கு அதிகம் தள்ளிப் போகாமல் எடுப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

கடைசியில் எடுத்தது 2016இல் வந்த 1050 டிஐ, குட்டை ரகம், ஒரு முறை கைமாறியது. பதினாறு தடமும் உண்மையான பதினாறு. 75 வாட்டுக்குள் அடங்குகிறது. வாங்குவதற்கு முன் அதை வேறொரு கணினியில் மாட்டி, ஜிபியு-இசட் என்ற சின்ன நிரலில் தடம் எத்தனை, நினைவகம் எந்த வகை என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தோம். அன்று சாயங்காலமே மாட்டினான். மூடியைத் திறந்தே வைத்துப் பொத்தானை அழுத்தினான். முதலில் வந்தது விண்டோஸ் அல்ல, வன்பொருள் மாறிவிட்டது என்று சொல்லும் பயாஸ் அறிவிப்பு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி.

"என்னண்ணே, இவ்ளோ பழசா வருது? கார்டு சரிதானே?" என்றான். எண்ணச் சொன்னேன். விரலை வைத்து எண்ணினான், எண்பதுதான். 1981இல் ஐபிஎம் போட்ட கணக்கு. இந்தத் திரையில் மட்டும் இன்னும் தமிழ் வராது.

"எண்டரத் தட்டு" என்றேன்.